ஐந்தாவது ஆல்டர்னேட்டர்

அத்தியாயம் 6

"உங்க வீட்டைப் பாக்கணும் சார்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாய் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. காலையில் ஆபீஸ் படியிறங்கும்போது பாஸ் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "அவர்கிட்ட என்ன வேணா கேளு. வண்டியைக் கேளு, ஜாதகத்தைக் கேளு. வீட்டைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே. வெளி ஆளை வாசல்லகூட நிக்கவிட மாட்டாரு. அந்த ஒருத்தரை நம்பித்தான் நம்ம கம்பெனி ஓடிட்டிருக்கு."

அவளும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆறு நாளாகச் சரியாகத் தூங்காத தலை. எதைச் சொன்னாலும் ஆடும்.

ஒர்க்ஷாப்பில் நின்ற காரின் சொந்தக்காரரான அந்த வண்டிக்காரர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, பின்னால் நின்ற ஆளைப் பார்த்தார். காலையிலிருந்து அப்படித்தான். கேள்வி அவளிடமிருந்து வரும், பதில் அந்த ஆளுக்குப் போகும்.

"ஏம்ப்பா, இந்தப் பொண்ணு என்ன கேக்குது?"

"வீட்டைப் பாக்கணும்னு கேக்குது சார்," என்றார் அந்த ஆள். "என் காதுலயும் அப்படித்தான் விழுந்துச்சு."

அந்த ஆளுக்கு ரேடியோ என்று பெயர். முப்பது வருஷம் இழுவை வண்டி ஓட்டி, விபத்தில் நசுங்கிய கார்களை இழுத்து இழுத்து, இழுத்த நேரமெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர். இப்போது அவளுக்கு உதவியாளர். அவள் ஒரு துப்பறியும் கம்பெனியில் வண்டி சம்பந்தப்பட்ட கேஸ்களைப் பார்ப்பவள். ஒர்க்ஷாப்களில் அவளை 'மீட்டர்' என்றுதான் சொல்வார்கள். எங்கே போனாலும் கரண்ட் அளக்கிற மீட்டர் ஒன்று அவள் தோள்பையில் இருக்கும். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்த கால் அவளுடையது. அது இன்னும் வலிக்கிறது என்பாள்.

"என் வீட்டுல என்ன இருக்கு பாக்க? கெட்டுப்போனது வண்டி. கெடுத்தவன் இங்க நிக்கிறான்." வண்டிக்காரர் விரலை நீட்டினார்.

விரல் நீண்ட திசையில் ஒர்க்ஷாப்பின் எலெக்ட்ரீஷியன் நின்றிருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த காதைச் செம்புக் கம்பியால் சுற்றி வைத்திருந்தார். அவருடைய டூல்ஸ் பெட்டியை யாரோ ஏற்கெனவே தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார்கள். இன்று சனிக்கிழமை, நாலு மணிக்கு ஒர்க்ஷாப் ஷட்டர் இறங்கும். அதற்குள் அவளுடைய ரிப்போர்ட் வர வேண்டும். ரிப்போர்ட் அவர்மேல் பழி போட்டால் பெட்டி அப்படியே தெருவுக்குப் போகும். அதன்பிறகு 'திருடன்' என்ற பெயரோடு அவரை இந்த ஊரில் எந்த ஒர்க்ஷாப்பும் வயரைத் தொட விடாது.

விஷயம் இதுதான். ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டியின் இன்ஜினைப் பிரித்து, வேகத்தைக் கூட்டுகிற பெரிய டர்போ வைத்து, குதிரையைச் சிறுத்தையாக்கிக் கொடுத்தது இந்த ஒர்க்ஷாப். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் மைதானம், மற்ற நாள் ஆபீஸ் என்று வண்டிக்காரர் இரண்டுக்கும் அதையே ஓட்டினார். ஏழு மாதம் ஒரு குறையுமில்லை. அப்புறம் ஆரம்பித்தது. வண்டி ஓடும்போது கரண்ட் உற்பத்தி செய்கிற ஆல்டர்னேட்டர் செத்தது. புதிது போட்டார்கள். அதுவும் செத்தது. ஐந்து மாதத்தில் நான்கு. எலெக்ட்ரீஷியன் நல்லதைக் கழற்றி விற்றுவிட்டு, பழசைத் தேய்த்து மினுக்கி மாட்டுகிறான் என்பது வண்டிக்காரரின் புகார். நிரூபித்துக் கொடுங்கள் என்று துப்பறியும் கம்பெனிக்குக் கேஸ் கொடுத்ததும் அவர்தான்.

நிரூபிக்கத்தான் அவளும் காலை பத்து மணிக்கு வந்தாள். செத்த நான்கையும் மேஜைமேல் வரிசையாகப் படுக்க வைத்துப் பிரித்தாள். பெட்டியில் அச்சிட்ட எண்ணும் ஆல்டர்னேட்டர் உடம்பில் வெட்டிய எண்ணும் நான்கிலும் பொருந்தின. பழசு இல்லை, மாற்றவும் இல்லை. உள்ளே கரண்ட்டை ஒரே திசையில் விடுகிற டயோடுகள் மட்டும் கருகியிருந்தன. நான்கிலும் அதே இடம், அதே கருகல்.

"நாலும் ஒரே மாதிரி போயிருக்கு," என்றாள் ஒர்க்ஷாப் முதலாளியிடம். "இது தேஞ்சு போனதில்ல. அடிச்சுக் கொன்னது."

"எப்படி?"

அவள் பதிலுக்கு வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிப்பக்கம் இருந்த சிவப்புக் கைப்பிடியைத் தட்டினாள். ரேஸ் விதிப்படி இருந்தாக வேண்டிய சுவிட்ச். வண்டி கவிழ்ந்தால், உள்ளே இருப்பவர் மயங்கிக் கிடந்தால், வெளியே நிற்கிற எவரும் ஓடி வந்து அதைத் திருப்பலாம். பேட்டரி துண்டிக்கும், இன்ஜின் நிற்கும். சாவியே வேண்டாம்.

"குழாயில தண்ணி முழு வேகத்துல வருது. டக்குனு வாயை அடைச்சா என்னாகும்? குழாயைக் கிழிச்சிட்டுப் போகும். ஆல்டர்னேட்டர் உற்பத்தி பண்ற கரண்ட்டுக்கு பேட்டரிதான் போக்கிடம். இன்ஜின் ஓடும்போது இதைத் திருப்பினா போக்கிடம் போச்சு. கரண்ட் திரும்பி வந்து ஆல்டர்னேட்டரையே கடிக்கும்."

"அப்ப ரேஸ்ல திருப்பினாலும் போகுமே?"

"ரேஸ்ல வருஷத்துல ஒரு தடவை திருப்புவாங்க. உயிர் போற நேரத்துல ஆல்டர்னேட்டரைப் பத்தி யாருக்குக் கவலை? இதை யாரோ தினமும் திருப்பியிருக்காங்க."

கைப்பிடிக்குக் கீழே, பளபளக்கிற பெயின்ட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் மட்டும் தூசி பிடித்து மங்கியிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. பழைய பசை.

"மஞ்சள் ஸ்டிக்கர் மேடம்," என்றார் எலெக்ட்ரீஷியன் தயங்கித் தயங்கி. "'இன்ஜின் ஓடும்போது திருப்பாதே'ன்னு நானே எழுதி ஒட்டினேன். எப்பப் போச்சுன்னு தெரியல."

எப்படி என்று தெரிந்துவிட்டது. எப்போது என்பதை வண்டிக்காரரின் புகார் லிஸ்ட்டே சொன்னது. இரண்டு பக்க லிஸ்ட். அதில் பதினோராவதாக, 'டேஷ்போர்டு கடிகாரமும் தப்பு நேரம் காட்டுகிறது, அதையும் இந்த ஆள்தான் கெடுத்தான்' என்று இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். சுவரில் மணி பதினொன்று இருபது. வண்டியில் மூன்று முப்பத்தைந்து.

"கடிகாரம் தப்பா ஓடல," என்றாள் ரேடியோவிடம். "கரண்ட் போய்த் திரும்ப வந்தா அது பன்னெண்டுல இருந்து புதுசா எண்ண ஆரம்பிக்கும். எண்ண ஆரம்பிச்சு மூணு மணி நேரம் முப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிருக்கு."

ரேடியோ விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "பதினொன்னு இருபதுல இருந்து பின்னால போனா... ஏழே முக்கால்."

"பன்னெண்டு மணிநேரக் கடிகாரம்ணே. காலை ஏழே முக்கால், இல்லாட்டி நேத்து சாயங்காலம் ஏழே முக்கால். காலையில ஒம்பது மணிக்குத்தான் வண்டியையே எடுத்தேன், எடுத்த உடனே பேட்டரி விளக்கு எரிஞ்சுதுன்னு அவரே சொல்றாரு. அப்ப நேத்து சாயங்காலம்."

அதனால்தான் வண்டி நேற்று எங்கே நின்றது என்ற கேள்வியும், வீட்டில் என்ற பதிலின் வாலைப் பிடித்து அந்த விவகாரமான கோரிக்கையும் வந்தன.

"நேத்து சாயங்காலம் ஏழே முக்காலுக்கு வண்டி எங்க சார் நின்னுச்சு?" என்று மறுபடி ஆரம்பித்தாள்.

"என் வீட்டுல. கார் ஷெட்ல."

"அப்ப ஆல்டர்னேட்டர் செத்ததும் அங்கதான். அதான் பாக்கணும்கிறேன்."

வண்டிக்காரர் முகத்தில் முதலில் எரிச்சல் ஏறியது. அப்புறம் மெல்ல ஒரு வெளிச்சம். எலெக்ட்ரீஷியனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓஹோ. அப்ப இவன் என் வீடு வரைக்கும் வந்து கை வச்சிருக்கான்."

அவள் மறுக்கவில்லை. மறுத்தால் கதவு மூடிக்கொள்ளும். இந்தத் தொழிலில் சில நேரம் அடுத்தவன் முட்டாள்தனத்தின் முதுகில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும்.

"இன்னொரு கேள்வி சார். ஏழு மாசம் ஒழுங்கா ஓடுன வண்டி. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஏதாவது மாறுச்சா? வண்டியில, பார்க்கிங்ல, வீட்டுல?"

வண்டிக்காரர் நிஜமாகவே யோசித்தார். புருவத்தைச் சுருக்கி, நேர்மையாக, ஒரு நிமிஷம்.

"ஒண்ணும் மாறலயே. எல்லாம் எப்பவும் போலத்தான்."

*

ஐந்தாவது ஆல்டர்னேட்டரை அவள் கண் முன்னாலேயே பெட்டியைக் கிழித்து, எண்ணைக் குறித்து, மாட்டினார்கள். மாட்டியது எலெக்ட்ரீஷியன்தான். முடித்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "நாலு மணிக்குள்ள வந்துருவீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். வருவேன் என்று அவள் சொல்லவில்லை. பொய்யாகிவிட்டால் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

இரண்டேகால் மணிக்கு வண்டிக்காரர் சீறிக் கிளம்பினார். ரேடியோவின் ஸ்கூட்டர் பின்னால் இருமிக்கொண்டே போனது.

"சொல்லு தாயே, யாரு?" என்று கேட்டார் ரேடியோ, காற்றுக்கு எதிராகக் கத்தி.

"அவரே."

"அவரே அவரு வண்டியக் கெடுத்துக்கிறாரா? எதுக்கு?"

"கேரண்டியில புதுசு புதுசா வாங்கலாம்."

"அந்த மனுஷன் நினைச்சா ஆல்டர்னேட்டர் ஃபேக்டரியவே விலைக்கு வாங்கிப் போடுவாரு. வேற சொல்லு."

"அப்ப திமிரு."

"திமிரை உன் மீட்டர்ல அளக்க முடியுமா?"

அவள் தோள்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். முடியாது. அவருடைய குற்றமாக இருக்க வேண்டும் என்று மனசு ஆசைப்படுகிறது, அவ்வளவுதான். காலையிலிருந்து ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்த்துப் பேசாத ஆள். அந்த ஆத்திரத்துக்குத் துப்பு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். கண் எரிந்தது. ஒரு கேஸாவது, ஒரே ஒரு கேஸாவது, ஒருவருக்கும் வலிக்காமல் முடிந்தால் தேவலை என்று இருந்தது.

"தூங்கிடாதே," என்றார் ரேடியோ. "பின்னால வெயிட் குறைஞ்சா எனக்குத் தெரியாது. ஆபீஸ் போய்த்தான் தேடுவேன்."

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கார் ஷெட்டின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே வண்டி உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே யாருமில்லை. சாவியும் இல்லை.

"பேய் ஓட்டுதா?" என்றார் ரேடியோ.

"டைமர்ணே." டேஷ்போர்டில் ஒட்டியிருந்த தீப்பெட்டி அளவுக் கருவியைக் காட்டினாள். எண்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நிமிஷம் முப்பது. "டர்போ பழுக்கக் காய்ச்சின இரும்பு மாதிரி இருக்கும். உடனே நிறுத்தினா உள்ளேயே வெந்துரும். அதனால சாவியை எடுத்தாலும் மூணு நிமிஷம் இன்ஜின் சும்மா ஓடி, ஆறி, தானா நிக்கும். அவரு பாட்டுக்குக் குளிக்கப் போயிருப்பாரு."

சும்மா ஓடுகிற சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. புகைக்குழாயை மாற்றியிருந்தார்கள். சத்தம் காது வழியாக வரவில்லை, தரை வழியாக வந்தது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. மேலே தளத்தில் எங்கேயோ ஒரு ஜன்னல் கண்ணாடி கூடவே அதிர்ந்தது.

ரேடியோ தண்ணீர் குடிக்க ஸ்கூட்டருக்குப் போனார். அவளுக்குக் கால் கடுத்தது. மூலையில் பழைய டயர்கள் அடுக்கியிருந்தன. அதன் பின்னால் தாழ்வாக இருந்த ஒன்றில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ஒளிந்துகொள்ளும் நோக்கமெல்லாம் இல்லை. உட்கார இடம் அங்கேதான் இருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு வருகிற கதவு திறந்தது.

வந்தது ஒரு பெண். செருப்பில்லை. நைட்டியின் தோளில் பால் கக்கிய ஈரத்தோடு ஒரு துணி. முடியை ஒரு பென்சிலால் செருகியிருந்தாள். அவள் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. பதுங்கவில்லை. அடுப்பில் பொங்குகிற பாலை அணைக்கப் போகிறவள் மாதிரி நேராக வண்டிக்குப் போனாள், சிவப்புக் கைப்பிடியைப் பிடித்தாள், திருப்பினாள்.

உறுமல் அறுந்தது. ஸ்பேனர்கள் ஒன்றிரண்டு தடவை ஆடி அடங்கின.

அவள் முகத்தை மேல்தளத்துக்குத் தூக்கி, மூச்சைப் பிடித்துக் காது கொடுத்தாள். மேலே ஒரு சத்தமும் இல்லை. பிடித்த மூச்சை விட்டாள். கைப்பிடியைப் பழையபடி திருப்பி வைத்தாள். டேஷ்போர்டில் கடிகாரம் பன்னிரண்டு என்று கண் விழித்தது.

திரும்பியபோதுதான் டயருக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அலறவில்லை. விரலை உதட்டில் வைத்தாள்.

"சத்தம் போட்டுடாதீங்க. இப்பத்தான் தூங்குது."

"குழந்தையா?"

"ம்."

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

அவளுக்கு நோட்டு கனத்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. ஒருத்தியின் ராத்திரி, பகல், உடம்பு, தூக்கம் எல்லாம் தலைகீழாகியிருக்கின்றன. அதே வீட்டில் குடியிருக்கிற ஆள் புருவம் சுருக்கி யோசித்து, 'ஒண்ணும் மாறலயே' என்றார். பொய்கூடச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் மாறவில்லை.

"நீங்க ஒர்க்ஷாப்பா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்ல. ஆல்டர்னேட்டர் ஏன் போகுதுன்னு கண்டுபிடிக்க உங்க வீட்டுக்காரர் அனுப்பின ஆளு." கைப்பிடியைக் காட்டினாள். "இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வண்டியை நிறுத்தறது."

"யாரு சொன்னா?"

"அவர்தான். வண்டி மாத்தின புதுசுல கூட்டிட்டு வந்து காட்டினாரு. அவசரம்னா யார் வேணா வெளிய நின்னு நிறுத்தலாம், சாவியே வேண்டாம்னு." அந்தப் பெண் தோள் துணியைச் சரிசெய்தாள். "எனக்குத் தினமும் அவசரந்தான்."

"அவர்கிட்டச் சொல்லலியா? வந்ததும் நிறுத்திட்டு மேல வாங்கன்னு?"

"சொன்னேன். கெஞ்சினேன். நேர் மேலதான் தொட்டில். ரெண்டு மணிநேரம் தோள்ல போட்டு நடந்து தூங்க வச்சா, இது உள்ள வந்த உடனே அலறிட்டு முழிச்சுக்கும். டர்போவுக்கு மூணு நிமிஷம் ஓய்வு வேணுமாம். இல்லாட்டி கெட்டுப்போயிருமாம்." ஒரு சிரிப்பு வந்தது, வந்த வழியே போனது. "நானும் மூணு நிமிஷந்தான் கேட்டேன். ஒரு நாளைக்கு."

ஷட்டர் பக்கம் ரேடியோ வந்து நின்றிருந்தார். முழுசையும் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை மூட மறந்து கையில் வைத்திருந்தார். "அஞ்சாவதும் போய்ச் சேந்துச்சா?" என்றார் தணிந்த குரலில்.

அவள் மீட்டரை எடுத்து வைத்துப் பார்க்கக்கூட இல்லை. உடனே சாகாவிட்டாலும் முதல் அடி விழுந்தாயிற்று.

"உங்களுக்குத் தெரியாம நடந்தது," என்றாள் அந்தப் பெண்ணிடம். "ஆனா நீங்க ஒவ்வொரு தடவை இதைத் திருப்பும்போதும் உள்ள ஒரு சாமான் அடி வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாச் சாகுது. அதை ஒர்க்ஷாப் எலெக்ட்ரீஷியன் திருடிட்டாருன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு. இன்னைக்கு நாலு மணிக்கு அவரு வேலை போயிரும்."

அந்தப் பெண்ணின் முகத்தில் நிறம் இறங்கியது. "திருடன்னு சொன்னாரே. நானும் நம்பினேன்." கால்விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான்னு எழுதாம முடியாதா? ஏற்கெனவே நான் எதைத் தொட்டாலும் விளங்காதுன்னு ஒரு பேச்சு இருக்கு இந்த வீட்டுல."

'யாரோ' என்று எழுதலாம். 'யாரோ' என்று எழுதிய மறு நிமிஷம் வண்டிக்காரர் அந்த யாரோவின் இடத்தில் எலெக்ட்ரீஷியனை உட்கார வைத்துவிடுவார், வீடு புகுந்து கை வைத்தான் என்ற புதுப் பழியையும் சேர்த்து. காலையில் அதற்கு வழி விட்டவளும் இவள்தான்.

"முடியாது. நீங்க வாயைத் திறக்கலேன்னா அந்த ஆளு திருடன்."

சொன்ன பிறகு, கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் மெதுவாகச் சொல்கிற தெம்பு அவளிடம் மிச்சமில்லை.

மாடிப்படியில் காலடி கேட்டது. தலையைத் துவட்டிக்கொண்டே வண்டிக்காரர் இறங்கி வந்தார். "என்னப்பா," என்றார் ரேடியோவிடம், "எப்படி உள்ள வந்தான்னு கண்டுபிடிச்சீங்களா?"

"நான்தான்," என்றாள் அவர் மனைவி.

"நீ என்ன?"

"நான்தான் தினமும் இதைத் திருப்பி நிறுத்துறேன். பாப்பா முழிச்சுக்கும்னு."

துண்டு தலையிலேயே நின்றது. வண்டிக்காரர் சிவப்புக் கைப்பிடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி கைப்பிடியைப் பார்த்தார். அடுத்த நொடி கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அதைவிட மோசமாக, தணிந்து சிரித்தார்.

"சரி விடு. விவரம் தெரியாம பண்ணிட்டே. இது வீட்டு விஷயம், வீட்டோட போகட்டும்." முதல்முறையாக மீட்டரின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார். "நீ எழுது. வயரிங் சரியில்ல. ஒரு பொம்பளை கை பட்டாக் கெட்டுப்போற அளவுக்கா ஒருத்தன் வயரிங் பண்ணுவான்?"

"அதனாலதான் அவரு எச்சரிக்கை ஒட்டியிருந்தாரு சார். படிச்சிருந்தா இவங்க தொட்டிருக்கவே மாட்டாங்க."

"எது, அந்த மஞ்சள் கருமமா? அந்த பெயின்ட்டுக்காக வெளிநாட்டுல இருந்து ஆளைக் கூட்டிட்டு வந்தேன். அதுமேல மளிகைக் கடை மாதிரி லேபிள் ஒட்டி வச்சிருக்கான். ரெண்டாம் நாளே கிழிச்சு எறிஞ்சேன்."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சார்," என்றார் ரேடியோ. "எழுதுறாங்கல்ல."

அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். டயர்மேல் நோட்டை வைத்து, கார்பன் தாளோடு மூன்று பிரதி விழும்படி அழுத்தி. ஒன்று புகார் கொடுத்தவருக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று பழி சுமத்தப்பட்டவருக்கு. மூன்றாவது பிரதியில் பாஸ் முத்திரை குத்தாமல் அது வெளியே போகக் கூடாது என்பது கம்பெனி விதி. எத்தனையோ மூன்றாவது பிரதிகள் பாஸ் மேஜை இழுப்பறையிலேயே கிடந்து மஞ்சளாகிவிட்டன.

வண்டிக்காரர் போனை எடுத்தார். இரண்டு வார்த்தை பேசி, ஸ்பீக்கரைப் போட்டு வண்டியின் பானெட்மேல் வைத்தார்.

"ஏம்மா," என்றது பாஸின் குரல், "வீட்டுக்குப் போகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. சரி, போனது போகட்டும். வயரிங் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"எழுதிட்டேன் சார். படிக்கிறேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "இன்ஜின் ஓடும்போது அவசர சுவிட்ச் தினமும் திருப்பப்பட்டதால் ஆல்டர்னேட்டர்கள் எரிந்தன. திருப்பக் கூடாது என்ற எச்சரிக்கையை வண்டி உரிமையாளரே கிழித்துவிட்டார். எலெக்ட்ரீஷியன் மேல் எந்தத் தவறும் இல்லை. சுவிட்சைத் திருப்பியவர்..." நிமிர்ந்தாள். "இந்த இடம் மட்டும் காலியா இருக்கு."

"காலியாவே இருக்கட்டும்," என்றார் வண்டிக்காரர்.

மேலே குழந்தை அழ ஆரம்பித்தது. முதலில் ஒரு சிணுங்கல், அப்புறம் வீட்டையே தூக்குகிற குரல். பழக்கத்தில் அந்தப் பெண்ணின் கால் ஒரு அடி எடுத்து வைத்தது. பாதியில் நின்றது.

"பேனாவைக் குடுங்க," என்றாள்.

"குழந்தை அழுது," என்றார் கணவர்.

"கேக்குது. போய்த் தூக்குங்க. நான் இதை முடிச்சிட்டு வர்றேன்."

அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மைதானத்தில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவு திரும்புகிற ஆள். மாடிப்படியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், எதற்கு முதலில் போவது என்று தெரியாமல் அரை நிமிஷம் தவித்தார். அழுகை இன்னும் ஏறியது. படியேறிப் போனார்.

அந்தப் பெண் காலி இடத்தில் தன் பெயரை நிதானமாக எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். "அந்த எலெக்ட்ரீஷியன்கிட்ட..." என்று ஆரம்பித்து, "ஒண்ணுமில்ல, நானே ஒருநாள் வந்து சொல்லிக்கிறேன்," என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

பானெட்மேல் போன் இன்னும் 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மீட்டர் அதன் பக்கம் குனிந்தாள். "கையெழுத்து வாங்கிட்டேன் சார். மூணாவது பிரதி நேரா ஒர்க்ஷாப்புக்குப் போகுது. உங்க முத்திரை இல்லாமத்தான் போகுது. திங்கக்கிழமை நான் வரமாட்டேன், எனக்காக வேற கேஸ் எதுவும் எடுத்து வைக்காதீங்க."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். பயமாவது வரும். வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வது என்ற கேள்விகூட இன்னும் வந்து சேரவில்லை. இந்த முடிவை அவள் இப்போது எடுத்த மாதிரியே இல்லை. அது எப்போதோ ஆகிவிட்டது, அவளுக்குத் தகவல் வரத்தான் தாமதம்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம என் பொழப்பையும் சேத்து முடிச்சிட்டியே தாயே," என்றார் ரேடியோ.

"நீங்க இருங்கண்ணே. உங்க பேரு இதுல எங்கயும் இல்ல."

"அதான் எனக்கு வருத்தம். சாட்சின்னு ஒரு ஓரமாவாவது போட்டிருக்கலாம்."

அவள் இரண்டு பிரதிகளை பானெட்மேல் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவதைக் கசங்காமல் நோட்டுக்குள் செருகினாள். மணி மூன்று பத்து. மேலே அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டிருந்தது. யார் அடக்கினார்கள், எப்படி அடக்கினார்கள் என்று பார்க்க அவள் நிற்கவில்லை. பாதி ஏறிய ஷட்டருக்குக் கீழே தலையைக் குனிந்து, வெயிலுக்குள் இறங்கி, ஒர்க்ஷாப்புக்குத் திரும்ப ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள்.